மேல்வீட்டுக்காரர் பார்க்காதது

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவருக்குப் பெயர் மேல்வீட்டுக்காரர். டவர் கிரேன் ஓட்டுகிறவர் என்று நீட்டி முழக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஏணி ஏறி உச்சிக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால், ஷிஃப்ட் முடிகிறவரை அந்த மனிதருக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு லீவர், எதிரே எடை காட்டும் மானி, தலைக்கு மேல் ஒரு சின்ன விசிறி, சாப்பாட்டுப் பை, ஒரு தண்ணீர் பாட்டில், பக்கத்தில் ஒரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கு என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் சிரிப்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

கீழே நின்று அவருக்கு வழி சொல்கிறவன் வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, "என் தம்பிக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று மனைவி அரித்தெடுத்ததில் இவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வரட்டும். கூப்பிடுகிற பெயரே அதுதான். "டேய் வரட்டும், இங்க வா" என்பார் சூப்பர்வைசர். "வரட்டும் எங்கப்பா போனான்?" என்று தேடுவார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கட்டடம் வளர வளர, கிரேன் ஓட்டுகிறவருக்கு அதன் அந்தப் பக்கம் மறைந்துபோகும். லிஃப்ட்டுக்காக எழுப்பிய சுவர் ஒன்று நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதற்குப் பின்னால் கம்பிக்கட்டு இறங்கும்போது, மேலே இருப்பவருக்குக் கட்டும் தெரியாது, அது உட்காரப் போகிற இடமும் தெரியாது. வாக்கிடாக்கியில் வருகிற குரல்தான் கண். "வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." என்று அது விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வருகிறவரை இறக்கலாம். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். 'நிறுத்து' என்று ஒருவன் சொன்னால்தான் நிறுத்துவேன் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பேசுகிறவன் மயங்கி விழுந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், தும்மல் வந்திருக்கலாம். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் நிறுத்து. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. இதைத் தெரியாத ஆளை ஏணியில் கால் வைக்கவே விடமாட்டார்கள்.

மச்சினன் இந்தப் பாடத்தை அளவுக்கு மீறியே படித்துவிட்டான். வீட்டில் அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் "வரட்டும், வரட்டும், போதும்" என்பான். தெருவில் முன்பின் தெரியாதவர் லாரியைப் பின்னால் எடுத்தால், இவன் போய் நின்றுகொண்டு கையை ஆட்டுவான். தூக்கத்தில்கூட அந்த வாய் சும்மா இருப்பதில்லை. "பக்கத்து ரூம்ல ராத்திரியெல்லாம் கம்பி இறக்கிக்கிட்டிருக்கான் உங்க மச்சினன்" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். மேல்வீட்டுக்காரருக்கும் அந்தக் குரல் பழகிவிட்டது. அது காதில் விழுகிறவரை அவருக்கு எதைப் பற்றியும் கவலை இல்லை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து நன்றாக இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் காங்கிரீட் போட வேண்டும், அதற்குள் கம்பியெல்லாம் மேல் தளத்துக்கு வந்தாக வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டு. மேல்வீட்டுக்காரர் அதைத் தூக்கி, கிரேனின் நீண்ட கையைத் திருப்பி, லிஃப்ட் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க ஆரம்பித்தார். "வரட்டும்... வரட்டும்..." என்றான், மேல் தளத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்ற மச்சினன். இதை இறக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு இருவருக்கும் இருந்திருக்கும்.

முதலில் யாரோ புது ஃபோகஸ் விளக்கைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். கூண்டு முழுக்க வெளிச்சம். லீவரைப் பிடித்திருந்த கையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. தலையைத் தூக்கினார்.

இடது பக்கத்து வானத்தில் ஒரு நெருப்புப் பந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, பின்னால் ஆரஞ்சு வால் இழுபட, யாருக்கும் பயப்படாமல், அவசரமில்லாமல் போனது. அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு அது நேர் எதிரே போவதாகவே பட்டது. கீழே ஊர் முழுக்கப் பகல் மாதிரி ஆகிவிட்டது. வீட்டு மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் துணிக்கொடிகளும் துலங்கின. அவற்றின் மேல் கிரேன் கையின் நிழல் நீளமாக விழுந்து சுற்றிக்கொண்டு வந்தது. கிரேன் அசையவில்லை. நிழல் மட்டும் ஒரு மொட்டைமாடியிலிருந்து இன்னொரு மொட்டைமாடிக்குத் தாவித் தாவித் திரும்பியது. இத்தனை வருஷமாக அந்தக் கிரேனை ஓட்டுகிறவர் அவர். அன்றைக்குத்தான் வேறு யாரோ ஓட்ட, அவர் வேடிக்கை பார்த்தார்.

"அம்மாடி!" என்று தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது.

பந்து இரண்டாக உடைந்தது. பெரிய துண்டு பளிச்சென்று எரிந்து அணைந்தது. சின்னத் துண்டு அணையவில்லை. அது சிவந்து, சிறுத்து, கட்டடங்களைத் தாண்டி, தெருவிளக்குகள் முடிகிற இடத்தையும் தாண்டி, ஏரிக்கு அந்தக் கரையில் இருட்டோடு இருட்டாக அவிந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அதன் கடைசிப் பொட்டுவரை அவர் பார்த்தார். அந்த ஊரில் அதை அவ்வளவு தூரம் பார்க்கிற இடம் அந்தக் கூண்டு ஒன்றுதான்.

அந்த நேரம் முழுக்க வாக்கிடாக்கியில் ஒரு சத்தமும் இல்லை. இதைத்தான் பின்னால் அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குரல் நின்றது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. காதில் ஓர் ஓரத்தில் அந்த அமைதி உறைத்தது. உலகமே வாயடைத்து நிற்கிறது, அவனும் நிற்கிறான், நிற்கட்டும் என்று இருந்துவிட்டார். அந்த நேரத்தில் யாராவது பேசியிருந்தால்தான் அவருக்கு எரிச்சல் வந்திருக்கும். வலது கை மட்டும் லீவரைச் சாய்த்தபடியே இருந்தது.

பிறகு வாக்கிடாக்கியில் ஓர் அலறல் கேட்டது. வார்த்தையாக இல்லை.

"தூக்கு! ஐயோ, மேல தூக்குங்க!" என்று வேறொரு குரல் கத்தியது. கம்பி கட்டுகிறவர்களில் ஒருவர் வாக்கிடாக்கியைப் பிடுங்கியிருந்தார். மேல்வீட்டுக்காரர் தூக்கினார். "போதும் போதும்!" என்றது குரல். அத்தோடு வாக்கிடாக்கி எங்கோ விழுந்தது.

இனி நடந்ததைக் கேளுங்கள். கொக்கியில் பாரம் தொங்கும்போது கூண்டை விட்டு இறங்கக் கூடாது. பாரத்தை இறக்க வேண்டுமென்றால் வழி சொல்ல ஒரு குரல் வேண்டும். குரல் கொடுக்கிறவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவரால் இறக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. கம்பிக்கட்டைச் சுவர் உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "மாப்ள... மாப்ள..." என்று வாக்கிடாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தக் குரல் மேல் தளத்தில் அநாதையாகக் கிடந்த இன்னொரு வாக்கிடாக்கியில் ஒலித்திருக்கும்.

அப்போதுதான் வானத்திலிருந்து சத்தம் வந்தது. ஒளி போய் இவ்வளவு நேரம் கழித்து, இடி மாதிரி ஒன்று உருண்டு வந்து கூண்டின் கண்ணாடிகளை நடுக்கியது. கீழே எல்லோரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்கள். அவர் குனியவில்லை. அவர் காலடியில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு பலகையில் யாரையோ வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வண்டி போயிற்று. மனைவிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தார். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டார். வேறு ஆள் வந்து வாக்கிடாக்கியைக் கையில் எடுக்கிறவரை கம்பிக்கட்டும் அவரும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தபோது ஏணி அடியிலேயே பாதுகாப்பு அதிகாரி நின்றார். சின்ன வயசு, மரியாதையான ஆள். தோளைத் தொட்டு, "உயிருக்கு ஒண்ணும் இல்ல, பாதம்தான் நசுங்கிருச்சு. பூட்ஸ் இருந்ததால இந்த அளவோட போச்சு" என்றார். பிறகு கேட்டார்: "நீங்க அதைப் பாத்தீங்களா?"

"எதை சார்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? வானத்துல போச்சே. மேல் தளத்துல ஒருத்தர் விடாம அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னிருக்காங்க."

அந்த ஒரு நொடியில் மேல்வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பார்த்தேன் என்றால் லைசென்ஸ் போச்சு. பாரம் இறங்கும்போது வேடிக்கை பார்த்தவனை எந்த ஊரில் மறுபடி கூண்டில் ஏற்றுவார்கள்? அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

"இல்ல சார். என் கண்ணு மானியில இருந்துச்சு."

"சரி. சிக்னல் குரல்?"

மானியைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தவனுக்குக் குரல் நின்றது கேட்காமல் இருக்குமா? முதல் பொய் நிற்க வேண்டுமானால் அதற்கு ஒரு முட்டு கொடுத்தாக வேண்டும்.

"வந்துக்கிட்டுதான் சார் இருந்துச்சு. வரட்டும் வரட்டும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

அந்த வாக்கிடாக்கியில் பேசுவது எதிலும் பதிவாவதில்லை. மேல் தளத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தவர்கள், இவன் பேசினானா இல்லையா என்று யாருக்கு நினைவிருக்கும்? நினைவிருக்கக் கூடிய ஒரே ஆள் மச்சினன். அவன் எழுந்து உட்கார்ந்து "நான் பேசவே இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதை எதிர்பார்த்துக்கொண்டேதான் போனார்.

அவன் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கட்டிலருகே உட்கார்ந்து கேட்டபோது மேல்வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார், திருடன் மாதிரி சுவரோரமாக. "நீங்க பேசிக்கிட்டே இருந்ததா உங்க மாமா சொல்றாரு" என்றார் அதிகாரி.

மச்சினன் மருந்து மயக்கத்தில் திருதிருவென்று முழித்தான். "அப்படியா? நான் பேச்சு நின்னுபோய் பாத்துக்கிட்டிருந்தேன்னுல்ல நெனச்சேன்..." என்று இழுத்தான். பிறகு அவனே தலையை ஆட்டினான். "மாமா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். என் வாய் அது பாட்டுக்குச் சொல்லும். தூக்கத்துலகூடச் சொல்லும். அக்காவைக் கேளுங்க."

"ஆமா சார்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ராத்திரியெல்லாம் சொல்லுவான்."

வருஷக்கணக்காக அந்த வீட்டில் சொல்லிச் சிரித்த கேலி, இப்போது சாட்சியாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதிகாரி பெருமூச்சு விட்டார். பாரத்தைப் பார்க்காமல் இறக்கச் சொன்னது சிக்னல்காரனின் தவறு, அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், இனிமேல் எந்தக் கம்பெனியிலும் இவன் கையில் வாக்கிடாக்கி கொடுக்க மாட்டார்கள், வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். காலை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். "கொஞ்சம் தெளிஞ்சதும் வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்" என்று எழுந்து போனார்.

மேல்வீட்டுக்காரர் மறுபடியும் ஏணி ஏறினார். அவர் மேல்தான் தப்பில்லையே! ஆனால் கை பழைய கையாக இல்லை. கீழே புதிதாக ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். கட்டைக் குரல், நல்ல அனுபவசாலி. அவர் "வரட்டும்" சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினால்கூட இவர் கை நின்றது. "மேல்வீட்டுக்காரரே, என்ன ஆச்சு உங்களுக்கு? நான் மூச்சு விடக் கூடாதா?" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஒரு கட்டு இறங்குகிற நேரத்துக்குப் பத்துத் தடவை நின்று நின்று இறங்கியது. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

கீழே வந்தால் அதைவிட மோசம். ஊரில் வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் ஆளாளுக்குக் கையை வானத்தில் வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் இருந்தவர் பார்த்திருக்கிறார். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்தவர் பார்த்திருக்கிறார். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர், கட்டுக்குள்ளேயே வெளிச்சம் தெரிந்தது என்று சத்தியம் செய்தார். "நீங்க உச்சியில உக்காந்திருந்தீங்களே, எப்படித் தெரிஞ்சுது?" என்று எல்லோரும் இவரிடம்தான் வந்தார்கள்.

"நான் பாக்கல."

"என்னது?"

"வேலையில இருந்தேன். பாக்கல."

அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஊர்ல அத்தனை பேரும் தரையில நின்னு பாத்தாங்க. வானத்துக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவர் பாக்கல! இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?" கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மேல்வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் பந்து வந்தது. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு வால், மாடி மாடியாகத் தாவிய நிழல். வாழ்க்கையில் அவர் பார்த்ததிலேயே பெரிய விஷயம் அது. அதை ஒரு மனிதரிடமும் சொல்ல முடியாது. நெஞ்சுக்குள் எதையோ வைத்துப் பூட்டி, சாவியை முழுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் டிவியும் அவரை விடவில்லை. கடை வாசல் கேமராக்களில் பதிந்த காட்சிகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். எல்லாவற்றிலும் பந்து பாதியிலேயே ஏதோ ஒரு கூரைக்குப் பின்னால் போய்விடும். அந்த எரிகல் எங்கே விழுந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிறார்களாம், முடிவுவரை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லலாமாம். அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"ஏன் அணைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"அதையே எத்தனை வாட்டி பாக்குறது?"

"நீங்க ஒரு வாட்டியாவது பாத்தீங்களா? பாக்கலைல்ல. உங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அவருக்காக வருத்தப்பட்டாள். தம்பியின் காலுக்கு அழுது, புருஷன் கண்ணுக்கும் அழுகிறவளிடம் அவர் என்ன சொல்வார்? பக்கத்து அறையில் மச்சினனின் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. ராத்திரி அங்கிருந்து சத்தம் எதுவும் வராததில் அவருக்குத் தூக்கமும் பிடிக்கவில்லை.

கையெழுத்து வாங்க அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பார்வையாளர் நேரம். நீளமான வார்டு, இரும்புக் கட்டில்கள். மச்சினனின் கால் கட்டுப்போட்டு உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படு மாப்ள, படு."

"நாளைக்குக் காலையில ஆபீசர் வராரு மாமா. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

மேல்வீட்டுக்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

"கால் போனதுகூடப் பரவாயில்ல மாமா" என்றான் மச்சினன். "ஒரே ஒரு விஷயம்தான் மனசு ஆறல. நான் பாதிதான் பாத்தேன். நல்லா வந்துக்கிட்டிருந்துச்சா, என்ன ஒரு வெளிச்சம், திறந்த வாய் மூடல. அதுக்குள்ள கம்பிக்கட்டு கால்ல விழுந்துருச்சு. அப்புறம் அது என்ன ஆச்சுன்னு தெரியல. இங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நர்ஸ் மூணா வெடிச்சுதுன்னு சொல்றாங்க. இந்தப் பக்கத்து பெட்காரர் மறுபடி மேல போயிருச்சுன்னு சொல்றாரு."

"போச்சுப்பா, நான் பாத்தேன்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"கேட்டீங்களா? இவரு பேச்சை நம்பவா முடியும்?" மச்சினன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க இடத்துலேர்ந்து முழுசாத் தெரிஞ்சிருக்கும். பாவம் நீங்க. என் மேல பாரம் விழக் கூடாதுன்னு மானியையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான்தான் மானம் கெட்டுப்போய் வேடிக்கை பாத்துட்டேன்."

அவன் அதை மனதாரச் சொன்னான். ஒரு துளி நடிப்பு இல்லை. மேல்வீட்டுக்காரருக்கு அந்த இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ரெண்டா உடைஞ்சுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

ஆரஞ்சு உரிக்கிற விரல்கள் நின்றன. மச்சினனுக்கு முதலில் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கதை கேட்கிற ஆவலில் முகம் மலர்ந்தது. "ரெண்டாவா? அப்புறம்?"

"பெரிய துண்டு பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சு போச்சு. சின்னது அணையல. சிவப்பா ஆயி, போய்க்கிட்டே இருந்துச்சு."

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். பார்க்கிறான் போலிருக்கிறது. "ம்... வரட்டும்" என்றான், அவனையும் அறியாமல்.

"கட்டடமெல்லாம் தாண்டிப் போச்சு. தெருவிளக்கு முடியுற இடத்தையும் தாண்டிப் போச்சு."

"வரட்டும்..."

"ஏரிக்கு அந்தக் கரையில போய் அவிஞ்சுது. கடைசிவரைக்கும் பாத்தேன் மாப்ள. நம்ம கிரேன் நிழல் ஊரு முழுக்கச் சுத்திக்கிட்டு வந்துச்சு. அதையும் பாத்தேன்."

'வரட்டும்' வரவில்லை. மச்சினன் கண்ணைத் திறந்திருந்தான். அந்தக் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை மேல்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். நிறுத்தியிருக்கலாம். இந்தத் தடவை நிறுத்தக் கூடாது என்று நினைத்தார்.

"நீ பேசல மாப்ள. உன் குரல் நின்னுருச்சு. நின்னது எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கையை எடுக்கல."

மனைவி பாதி உரித்த பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மச்சினன் பேசினான். கத்தவில்லை.

"இத்தனை ராத்திரியும் இந்த வாயைத்தான் மாமா அறைஞ்சுக்கிட்டிருந்தேன். எல்லாரும் தூங்குனப்புறம். சனியன் பிடிச்ச வாய், சனியன் பிடிச்ச வாய்னு."

உதட்டோரத்தில் கன்றிப்போன தடம் இருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மேல்வீட்டுக்காரர் நேற்று நினைத்திருந்தார். மச்சினன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்கு அந்த ஆபீசர்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன்."

"இங்க வெச்சு, இவன் முன்னாடி."

"சரி."

மணி அடித்தது. வார்டில் பைகளை எடுக்கிற சத்தம், நாற்காலிகள் நகர்கிற சத்தம். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். மனைவி பழத்தைச் சுளை பிரித்து ஒரு தட்டில் வைத்தாள், தம்பியின் போர்வையைச் சரிசெய்தாள், அவரைப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். மேல்வீட்டுக்காரர் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். ஆனால் போகவில்லை.

"மாப்ள."



"நேரமாச்சு, கிளம்புங்க" என்று நர்ஸ் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். "காலையில வந்து பாத்துக்கலாம்."

"ஒரு நிமிஷம்மா" என்றார். "அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். போயிடுறேன்."

நர்ஸ் கட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அடுத்த விளக்குக்குப் போனாள். அவர் அசையாமல் நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலை அப்படியே இருந்தது. குரல் எதுவும் வரவில்லை.